அளந்தது எது, கணக்கிட்டது எது

"மாடல் கீடலெல்லாம் இருக்கட்டும்டா. அளந்து பாத்ததுல என்ன இருக்கு, அதைச் சொல்லு" என்றார் சித்தப்பா. ஒரு கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து, மண்டபத்தின் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பொதுப்பணித்துறையில் ஏரி, கால்வாய் என்று அளந்தே ஓய்வுபெற்றவர் அவர். கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஒரு வரைபடத்தை வைத்திருந்தார். அண்டார்க்டிகாவைச் சுற்றி உறையும் கடல்பனி 1979-லிருந்து 2014 வரை மெல்ல மெல்லக் கூடுவதைக் காட்டும் படம். 2014-ஓடு அதை வெட்டியவர் கெட்டிக்காரர். ஆனால் வெட்டாமல் விட்ட கோடு பொய்யில்லை. அந்த 35 ஆண்டுகளில் அங்கே பனி கூடத்தான் செய்தது. அதே காலத்துக்குக் காலநிலை மாடல்களில், அதாவது காற்றையும் கடலையும் பனியையும் சமன்பாடுகளால் கணக்கிடும் கணினி நிரல்களில், பெரும்பாலானவை பனி குறையும் என்றுதான் கணக்குக் காட்டின. அதற்குப் பிறகு நடந்ததை நான் ஆரம்பிப்பதற்குள் அவரை மொய் எழுதக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேச்சு நின்றது, ஆனால் அவர் சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை. அளந்தது ஒரு பக்கம், கணக்கிட்டது மறுபக்கம். இரண்டும் மோதினால் அளந்ததே ஜெயிக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓர் ஏரியின் நீர்மட்டத்துக்கு அது போதும். மதகோரம் அளவுகோல் நட்டிருக்கிறது, போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால் முடிந்தது வேலை. கடல்பனிக்கு அந்த அளவுகோலை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். பிழைப்புக்குத் தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் தேடல் கொஞ்சம் நீண்டுவிட்டது.

வானத்திலிருந்து தெரிவது

துருவத்தில் பாதி வருடம் இருட்டு, மீதி வருடம் மேகம். எனவே படம் எடுத்துப் பரப்பை அளக்கும் வேலை ஆகாது. அதற்குப் பதிலாகச் செயற்கைக்கோள்கள் மைக்ரோவேவ் கதிர்வீச்சைக் கேட்கின்றன. எல்லாப் பொருளும் தன் பங்குக்குக் கொஞ்சம் மைக்ரோவேவை வெளியிடுகிறது. அதில் பனி தாராளமானது, திறந்த கடல்நீர் கஞ்சம். மேகமும் இருட்டும் இதற்குப் பெரிய தடையில்லை. 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 தொடங்கி இன்றுவரை ஒன்றன்பின் ஒன்றாக வந்த கருவிகள் இப்படித்தான் இரு துருவங்களையும் கவனிக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் போல்டர் நகரத்தில் இருக்கும் தேசியப் பனித் தரவு மையம் தினமும் வெளியிடும் கோடு அதிலிருந்து வருவது. சித்தப்பாவின் படத்தில் இருந்ததும் அந்த வம்சாவளிதான்.

கருவி சொல்வது ஒளிர்வு வெப்பநிலை என்ற ஓர் எண்ணை மட்டும். அதைப் பனியாக மாற்றுவது ஓர் அல்காரிதம், அதாவது கணக்கு முறை. பரவலாகப் புழங்குபவை இரண்டு: நாசா டீம், பூட்ஸ்ட்ராப். ஒரே நாளின் ஒரே தரவை இரண்டிலும் போட்டால் விடை ஒன்றாக இருக்காது. அப்புறம் ஒரு வரையறை. கடலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 சதவீதமாவது பனி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் பனியென்று எண்ணுகிறார்கள். 14 சதவீதம் இருந்தால் பூஜ்யம். கோடையில் பனியின் மேல் உருகித் தேங்கும் குட்டைகள் இந்தக் கருவிகளின் கண்ணுக்குத் திறந்த கடல் மாதிரித்தான் தெரியும். அடியில் ஒன்றரை மீட்டர் பனி இருந்தாலும் அப்படித்தான். போதாக்குறைக்கு, பாதையின் சாய்வு காரணமாக இந்தச் செயற்கைக்கோள்கள் வட துருவத்துக்கு நேர் மேலே போவதே இல்லை. அங்கே வரைபடத்தில் ஒரு வட்ட ஓட்டை விழுகிறது. அங்கே எப்படியும் பனிதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அதையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறான அனுமானம் இல்லை, ஆனால் அனுமானம்தான்.

2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனி 33.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது என்று சொல்லும்போது, இத்தனையும் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 1979 செப்டம்பர்க் கணக்கு 70 லட்சத்தை ஒட்டியது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த அல்காரிதச் சண்டையும் மறைக்க முடியாது. வடக்கே அளவையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கல் தெற்கே. அங்கே மாற்றம் சிறியதாக இருந்தது, அதனால் அளவையின் அழுக்கும் சேதியும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தன.

டிசம்பர் 1991

இந்தத் தேடலில் என்னை நிறுத்தி வைத்தது 2014-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் ஐசென்மன், ஜோயல் நாரிஸ், நாசாவின் வால்ட் மையர் மூவரும் எழுதியது. அவர்களுக்கு உறுத்திய விஷயம் எளிமையானது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் 2007 அறிக்கை, அண்டார்க்டிக் பனி ஆண்டுக்குச் சுமார் 5,600 சதுர கிலோமீட்டர் கூடுவதாகச் சொல்லி, ஆனால் பிழை எல்லை அதைவிடப் பெரியது, எனவே மாற்றமே இல்லை என்றும் கொள்ளலாம் என்ற தொனியில் கடந்து போயிருந்தது. அடுத்த அறிக்கை 2013-ல் வந்தது. அதில் அதே எண் ஆண்டுக்கு 16,500. ஏறத்தாழ மூன்று மடங்கு, பிழை எல்லையைத் தாண்டித் தெளிவாக நிற்கும் ஏற்றம். இடையில் சேர்ந்த தரவு சில ஆண்டுகளுக்கானது மட்டும். அந்தச் சில ஆண்டுகளைக் கொண்டு இந்தத் தாவலை விளக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

பிறகு எப்படி? இரண்டு அறிக்கைகளும் பூட்ஸ்ட்ராப் கணக்கைத்தான் எடுத்திருந்தன. ஆனால் நடுவில் அந்த அல்காரிதம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள். 1991 டிசம்பரில் ஒரு படி தெரிந்தது. சரியாக அந்த மாதத்தில்தான் ஒரு செயற்கைக்கோளின் கருவியிலிருந்து அடுத்ததற்கு, எஃப்-8 என்பதிலிருந்து எஃப்-11 என்பதற்கு, பதிவு மாறியது. இரண்டும் சேர்ந்து வேலை செய்த நாட்கள் இரண்டு வாரம் போல. அந்தச் சிறு இடைவெளியை வைத்து ஒன்றின் அளவை மற்றதோடு பொருத்தியாக வேண்டும். ஒரு பதிப்பில் அந்தத் தையல் கோணலாக விழுந்திருந்தது.

எந்தப் பதிப்பில்? கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கழித்துப் பார்த்தது படி இருப்பதைக் காட்டியதே ஒழிய, பழையதில் இருந்த தவறு புதியதில் சரியானதா, சரியாக இருந்த பழையதைப் புதியது கெடுத்ததா என்பதை அதிலிருந்து சொல்ல வழியில்லை. மூவரும் அதை அப்படியே எழுதிவிட்டார்கள். பூட்ஸ்ட்ராப்பை உருவாக்கிய நாசாவின் ஜோசபினோ கொமிசோ, தவறு பழையதில்தான், புதியதில் திருத்தப்பட்டுவிட்டது என்றார். 2017-ல் அவரும் கூட்டாளிகளும் சீராக்கிய தரவை மேற்பரப்பு வெப்பநிலையோடு ஒப்பிட்டு ஏற்றம் உண்மைதான் என்று காட்டினார்கள். துறையில் இன்று அதுவே நிலைத்துவிட்டது. சித்தப்பாவின் படத்துக் கோடு ஆக, தப்பித்தது.

ஆனால் நடந்ததை யோசித்துப் பாருங்கள். அண்டார்க்டிகாவில் ஒரு கிராம் பனிகூட இடம் மாறவில்லை. மென்பொருளின் பதிப்பு எண் மாறியது, "மாற்றமில்லை" என்பது "தெளிவான ஏற்றம்" ஆனது. மாடல்கள் தப்பு என்ற பேச்சு வலுப்பெற்றதே அந்த இரண்டாவது எண்ணுக்குப் பிறகுதான். பழைய எண்ணே நிலைத்திருந்தால் மாடலுக்கும் அளவைக்கும் இடையே இருந்த பள்ளம் குறுகியிருக்கும். இதை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் தரவே பித்தலாட்டம் என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இரண்டு பதிப்புகளும் திறந்து கிடந்தன, கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் பெயர் போட்டு எழுதினார்கள். நம்புவதற்கு எனக்கு இது போதும்.

தடிமன் எனும் தலைவலி

பரப்பாவது பரவாயில்லை. பனி எவ்வளவு தடிமன் என்பது இன்னும் மோசம். மிதக்கும் கடல்பனியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். 2010-ல் ஏவிய ஐரோப்பாவின் கிரையோசாட்-2 அந்தத் தலைப்பகுதியின் உயரத்தை ரேடாரால் அளந்து, மொத்தத் தடிமனைக் கணக்கிடுகிறது. முதல் கிரையோசாட் 2005-ல் ஏவும்போதே கடலில் விழுந்துபோனது. மேலே ஐந்து சென்டிமீட்டர் பிசகினால் தடிமனில் அரை மீட்டர் பிசகும். அது மட்டுமில்லை, பனிக்கட்டியின் மேல் உறைபனித் தூள் கிடக்கிறது. அது கட்டியை அழுத்தி நீருக்குள் இறக்கும். எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாமல் கணக்கை முடிக்க முடியாது.

அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது தெரியுமா? சோவியத் ஒன்றியம் 1954 முதல் 1991 வரை ஆர்க்டிக்கில் மிதக்கவிட்ட ஆய்வு நிலையங்களிலிருந்து. பனித்திட்டின் மேல் குடில் போட்டு, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் மிதந்துகொண்டே, குச்சி குத்திக் குத்தி ஆட்கள் அளந்து வைத்த எண்கள். அதைத் தொகுத்து 1999-ல் ஒரு சராசரி அட்டவணை வெளியானது. 2010-களின் விண்வெளி ரேடார் தரவு பல வருடங்களுக்கு அந்த அட்டவணையின் தோளில்தான் ஏறி நின்றது. அவர்கள் குச்சி குத்தியது பல ஆண்டு வயதான தடித்த பனியில். இன்று பெரும்பகுதி ஒரே குளிர்காலத்தில் உறைந்த இளம்பனி. அதனால் இளம்பனிக்கு அட்டவணை எண்ணில் பாதியை எடுத்துக்கொள் என்று ஒரு திருத்தம் போட்டார்கள். அளந்தது என்று நாம் சொல்கிற தடிமன் இப்படித்தான் கிடைக்கிறது.

பனியின் மொத்தக் கனஅளவு பற்றிச் செய்திகளில் வரும் எண்களில் பெரும்பாலானவை பயோமாஸ் (PIOMAS) என்ற ஒன்றிலிருந்து எடுத்தவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடையது. அது அளவை இல்லை, மாடல். செயற்கைக்கோள் பரப்பும் கடல்பரப்பு வெப்பநிலையும் அவ்வப்போது உள்ளே செலுத்தப்பட்டு, வழி தவறாமல் இழுத்துப் பிடிக்கப்படும் மாடல். மாடலை நம்பாதே என்று சொல்பவர்களே இந்த வரைபடத்தை அளவையென்று பகிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாடலுக்குள் இருக்கும் கப்பல்கள்

மறுபக்கத்தையும் திறந்து பார்க்கலாம். மாடல் என்றால் ஏதோ நாற்காலியில் உட்கார்ந்து கனவு கண்டது என்று ஒரு பிம்பம் இருக்கிறது. உள்ளே போனால் முழுக்க அளவைகள். பனி எவ்வளவு வேகமாகத் தடிக்கும் என்ற அடிப்படைக் கணக்கை 1891-ல் யோசெஃப் ஸ்டெஃபான் போட்டது, துருவப் பயணக் கப்பல்கள் குறித்துவந்த எண்களை வைத்து. பனி காற்றின் திசையிலேயே போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போகிறது என்று நார்வேயின் துருவப் பயணி நான்சென் பார்த்தது, 1893-லிருந்து 1896 வரை ஃபிராம் கப்பலோடு பனிக்குள் சிறைப்பட்டு மிதந்தபோது. அதை விளக்கத்தான் கடலியலாளர் எக்மன், காற்று கடல்நீரை எப்படி இழுக்கிறது என்ற தன் கோட்பாட்டை எழுதினார். கடல் இயங்குவதைக் கணக்கிடும் எந்த மாடலிலும் அது இன்றும் இருக்கிறது. பனி நொறுங்கி, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைச் சமன்பாடாக்கி 1979-ல் வில்லியம் ஹிப்லர் எழுதிய முறை, பல திருத்தங்களோடு, இன்றைய மாடல்கள் பலவற்றின் முதுகெலும்பு. அதற்கான கள அனுபவம் 1970-களில் ஆர்க்டிக் பனியின்மேல் முகாம் போட்டு நடத்திய ஐட்ஜெக்ஸ் ஆய்வில் திரண்டது.

கொஞ்சம் கைவேலையும் உண்டு, மறைக்க வேண்டாம். பனி எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது போன்ற எண்களைக் களத்தில் அளந்த வரம்புக்குள் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்த்தி, மாடலின் பனி நிஜப் பனிக்கு அருகில் வரும்வரை திருகுவார்கள். எனவே மாடலின் இன்றைய பனி சரியாக இருப்பதைப் பார்த்து யாரும் கைதட்ட வேண்டியதில்லை. அது மாறும் விதம் சரியாக வருகிறதா என்பதுதான் பரீட்சை. அதில் 1991-ல் சியுகுரோ மனாபேயும் கூட்டாளிகளும் எடுத்த மதிப்பெண் அபாரம். கரியமில வாயு ஏற ஏற வடக்கே சீக்கிரமும், ஆழ்கடலோடு கலந்துகொண்டே இருக்கும் தென்கடலில் மிகத் தாமதமாகவும் சூடு ஏறும் என்று அவர்களுடைய மாடல் காட்டியது. இப்போதைய மாடல்களோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரியான ஒன்று அது.

ஒரே ஒரு வீச்சு

என் கருத்து திரும்பியது இதற்கு அடுத்த படியில். சித்தப்பாவின் வாக்கியத்தில் எனக்கிருந்த உறுத்தல் இதுதான் என்று அங்கேதான் பிடிபட்டது.

போல்டரிலேயே இருக்கும் இன்னொரு நிறுவனம், என்கார் என்ற வளிமண்டல ஆய்வு மையம், 2015-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. ஒரே மாடல், ஒரே கரியமில வாயு அளவு, ஒரே தொடக்க நாள். காற்றின் வெப்பநிலையில் மட்டும் ஒரு டிகிரியின் கோடியில் ஒரு பங்கைவிடவும் மிக மிகச் சிறிய மாற்றம் வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு வேறு நூற்றாண்டு வெளிவந்தது. நெடும்போக்கு ஒன்றேதான், ஆனால் எந்தப் பத்தாண்டில் பனி சரியும், எதில் நிற்கும், எதில் கொஞ்சம் மீளும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது. ஆர்க்டிக் கோடை முதன்முறையாகப் பனியில்லாமல் போகும் ஆண்டு, இந்தக் காரணத்தினால் மட்டுமே, ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளிக்குள் எங்கு வேண்டுமானாலும் விழக்கூடும் என்று ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா யான் இதிலிருந்து காட்டினார். நிஜ பூமியோ தாயக்கட்டையை ஒரே ஒரு தடவை உருட்டியிருக்கிறது. நம்மிடம் இருக்கும் அளவை என்பது, எவ்வளவு கச்சிதமாக எடுத்திருந்தாலும், அந்த ஒரே வீச்சின் பதிவு. அதில் எது விதி, எது அதிர்ஷ்டம் என்பதை அளவை தானாகச் சொல்லாது.

2007-லும் 2012-லும் ஆர்க்டிக் சரிந்தபோது, அளந்த கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டிப் பார்த்து, 2016-க்குள் கோடைப் பனி காலி என்று சிலர் அறிவித்தார்கள். மாடல் மந்தம், தரவு பேசுகிறது என்பதே அப்போது அவர்களுடைய வாதம். அதில் பாதி உண்மை இருந்தது. மாடல்கள் பெரும்பாலும் நிஜத்தைவிட மெதுவாகத்தான் பனியைக் கரைத்தன. ஆனால் 2012-ன் சாதனையை இதுவரை எந்தக் கோடையும் முறியடிக்கவில்லை. 2025-ல் ஆய்வாளர் மார்க் இங்கிலாந்தும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை, சுமார் இருபதாண்டுகளாகச் செப்டம்பர்ப் பனியின் சரிவு பெரிதும் தளர்ந்திருக்கிறது என்கிறது. இந்த மாதிரி இடைநிறுத்தங்கள் மாடல் ஓட்டங்களில் அவ்வப்போது சாதாரணமாக வருபவை என்றும் சொல்கிறது. நின்றுபோனது என்று நினைத்துவிடக் கூடாது. அதே 2025 மார்ச்சில் ஆர்க்டிக் குளிர்காலத்தின் உச்சப் பரப்பு 1.43 கோடி சதுர கிலோமீட்டர். அதுவரையிலான செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைந்த உச்சம் அது.

2014-க்குப் பிறகு

அன்று சொல்லாமல் போன மீதிக் கதை இது. 2014 செப்டம்பரில் அண்டார்க்டிக் பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டிச் சாதனை படைத்தது. 2016-ன் தென்கோள வசந்தத்தில் திடுதிப்பென்று விழுந்தது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டின் குளிர்கால உச்சம் 1.7 கோடியைக்கூட எட்டவில்லை, முந்தைய மிகக் குறைந்த உச்சத்தைவிடப் பத்து லட்சம் குறைவு. முப்பத்தைந்து வருடம் கூடியது சில வருடத்தில் போயே போய்விட்டது.

மாடல்கள் ஜெயித்துவிட்டன என்று இதைக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. திசை சரியாக வந்தால் போதாது, காரணமும் சரியாக வர வேண்டும். பனி ஏன் கூடியது என்பதற்கு வைத்திருந்த விளக்கங்களில் ஒன்று, அண்டார்க்டிக் பனித்தட்டு உருகி வரும் நன்னீர் மேலே மிதந்து, அடியிலிருக்கும் சூட்டை மேலே வரவிடாமல் மூடுகிறது என்பது. பல மாடல்களில் அந்த உருகுநீர் சேர்க்கப்படவே இல்லை, அதனால்தான் அவை தவறின என்றார்கள். அழகான விளக்கம். ஆனால் 2025-ல் அலெசாண்ட்ரோ சில்வானோவும் கூட்டாளிகளும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான ஸ்மாஸின் தரவிலிருந்து எடுத்துச் சொன்னது வேறு: 2015-க்குப் பிறகு தென்கடலின் மேற்பரப்பு உப்புக் கூடி வருகிறது. உப்பு கூடினால் மூடி கனமாகிறது, கீழே இருக்கும் சூடு மேலே வர வழி கிடைக்கிறது. 1970-களுக்குப் பிறகு காணாமல் போயிருந்த மாட் மேட்டுப் பெருந்துளை, நடுப்பனியில் திறக்கும் ஒரு கடல் ஜன்னல், 2016-லும் 2017-லும் மறுபடி திறந்தது இதோடு பொருந்துகிறது. அடிநீர் சூடேறியதால் பனி ஒரு புதிய நிலைக்கே போய்விட்டது என்று 2023-ல் ஏரியன் புரிச்சும் எட்வர்ட் டொட்ரிஜும் வாதிட்டிருந்தார்கள். மேற்பரப்பு உப்பு கூடும் என்று மாடல்கள் எதிர்பார்க்கவில்லை, நன்னீராகும் என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

இந்தச் சண்டை முடிய இன்னும் வருடங்கள் ஆகும், அதற்கு உடையாத அளவைத் தொடர் வேண்டும். 2025 கோடையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பழைய செயற்கைக்கோள்களின் தரவை நிறுத்துவதாகச் சொன்னது, பிறகு தள்ளிப்போட்டது. போல்டர் மையம் ஜப்பானின் ஆம்சர்-2 கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. அது 2012-ல் விண்ணுக்குப் போனது, வயதாகிவிட்டது. அதன் தம்பி ஆம்சர்-3, 2025 ஜூன் இறுதியில் ஏவப்பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பனியைப் பார்க்கும் மாதங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த தையல். 1991-ல் கிடைத்தது இரண்டே வாரம்.